நீல பிஸ்கட்

அக்காளும் தங்கையும் ஒரே கூரையின் கீழ்தான் இருந்தார்கள். அதற்கு மேல் அவர்களுக்குள் உறவு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. கீழே பேக்கரி, பெரியவளுடையது. மேலே இரண்டு அறை வீடு, சின்னவளுடையது. அப்பா கண்ணை மூடுவதற்கு முன் அப்படித்தான் பிரித்துவிட்டுப் போனார். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று நினைத்திருப்பார், பாவம். ஆனால் இரண்டு வளைக்கும் ஒரே படிக்கட்டை விட்டுவைத்ததில் கோட்டை விட்டார். படி மாவு அறையை ஒட்டி, பேக்கரிக்குள்ளிருந்துதான் ஏறியது. சின்னவள் போகவும் வரவும் அக்கா முகத்தில் விழித்தாக வேண்டும். விழித்தாள், பேச்சு மட்டும் கிடையாது.

சின்னவள் கால்நடை மருத்துவர். பெரியவள் வாயில் அது "மாட்டு டாக்டர்". இத்தனைக்கும் சின்னவளிடம் வருவதெல்லாம் நாயும் பூனையும் சிறகொடிந்த பறவைகளும்தான்; மாடு வந்ததாக அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. பெரியவளின் வயிற்றெரிச்சலுக்கு மாடு தேவைப்பட்டது. அவள் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு அப்பாவோடு மாவு பிசைய நின்றவள். "நான் பிசைஞ்ச மாவுலதான் அவ டாக்டரானா" என்பாள். அது உண்மையும்கூட. உண்மையாக இருந்ததால்தான் அதை மறக்கவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை.

இப்படி உள்ளுக்குள்ளேயே புகைந்துகொண்டிருந்ததை ஊரறியப் பற்றவைத்தது ஆந்தை.

பேக்கரியின் பின்சுவரில், கூரையை ஒட்டி, செங்கல் பெயர்ந்த பொந்து ஒன்று உண்டு. அதில் ஒரு ஜோடி ஆந்தை குடியிருந்தது. மாவில் முகத்தை அழுத்தி எடுத்த மாதிரி வெள்ளை முகம். சின்னவளுக்கு அந்த இரண்டும் உயிர். ஊரில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆந்தைகள் செத்து விழ ஆரம்பித்தபோது, அவள் ஒவ்வொன்றையும் எடுத்துப்போய் அறுத்துப் பார்த்தாள். உள்ளே ரத்தம் உறையாமல் குளம் கட்டி நின்றது. எலி விஷம். ஆந்தை அதை நேராகத் தின்றதில்லை. விஷம் தின்ற எலியைத் தின்று வாங்கிக்கொண்டது. சின்னவள் சும்மா இருக்கிற ரகமா? நகராட்சிக்கு நடையாய் நடந்து, கடைசியில் ஒரு தடையையே வாங்கிவிட்டாள். எலியின் உடம்பிலேயே தங்கி, அந்த எலியைத் தின்பதையும் சேர்த்துக் கொல்லுகிற விஷத்தை ஊர் எல்லைக்குள் யாரும் விற்கக் கூடாது, வைக்கக் கூடாது. பொறி வைக்கலாம், பொந்தை அடைக்கலாம். மீறினால் கடைக்குச் சீல்.

தடை போடுவதற்கு முன் நகராட்சி கூட்டிய கூட்டத்தில் கடைக்காரர்கள் பக்கம் எழுந்து நின்று கத்தியது வேறு யாருமில்லை, பெரியவள்தான்.

"ஆந்தைக்கு ஓட்டு இருக்கா? ஆந்தை வரி கட்டுதா? எலி வந்து என் மாவு மூட்டையில குடித்தனம் பண்ணினா, இந்த மாட்டு டாக்டர் வந்து இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டுப் போவாளா?"

கூட்டம் கைதட்டிச் சிரித்தது. சின்னவள் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள். "ஒரு ஜோடி ஆந்தை பிடிக்கிற எலியை உங்க தெருவுல இருக்கிற அத்தனை பொறியும் சேர்ந்து பிடிக்காது" என்றாள். "அது என் அக்காவுக்குப் புரியாது. அவங்களுக்கு மாவு மட்டும்தான் தெரியும்."

அந்தக் கடைசி வார்த்தையை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். படித்தவர்களுக்கு எங்கே அடித்தால் வலிக்கும் என்று தெரிகிறது, எப்போது நிறுத்த வேண்டும் என்பது மட்டும் தெரிவதில்லை. ஊரே கேட்டது. பெரியவள் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு உட்கார்ந்தவள் மனதில் ஒன்றைக் கறுவிக்கொண்டுதான் எழுந்தாள்.

பேக்கரியில் எலி இருந்தது. அதில் பொய்யில்லை. வெண்ணெயும் சர்க்கரையும் மணக்கிற இடத்தில் எலி வராமல் என்ன செய்யும்? பின்னால் சாக்கடை, பழைய சுவர், மாவு மூட்டைகள். பொறி வைத்துப் பார்த்தாள். அந்த எலிகள் பொறியைச் சுற்றிக்கொண்டு போயின, ரொட்டித் துண்டை மட்டும் பக்குவமாக உருவிக்கொண்டும் போயின. பெரியவளின் வீட்டுக்காரர் அடுப்படியில் நிற்கிற மனுஷன். சூட்டில் வெந்து வெந்து பேச்சே வற்றிப்போனவர். அவரிடம் சின்னவள் ஒரு நாள் கம்பி வலைச் சுருள் ஒன்றைக் கொடுத்தாள். "மாமா, சாக்கடை வாயிலயும் கதவுக்கு அடியிலயும் இதை அடிச்சிடுங்க. பாதி எலி நின்னுரும்." அவர் அதைக் கையில் வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார். பெரியவள் அதைப் பிடுங்கிக் கொல்லையில் வீசினாள்.

"அவ குடுத்ததுல என் கடை நிக்க வேணாம்."

அடிக்க வேண்டிய வலை கொல்லையில் துருப்பிடித்தது. அடித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அப்புறம் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். தெருவில் அவருக்கு "ருசி" என்று பெயர். எந்தக் கடைக்குப் போனாலும் கண் சோதிப்பதற்கு முன்னால் நாக்கு சோதிக்கும். ட்ரே அடுப்பிலிருந்து இறங்குகிற நேரம் பார்த்து அவருக்கு எப்படியோ மூக்கில் வேர்த்துவிடும். ஆனால் தின்றதற்காகக் கண்ணை மூடிக்கொள்கிற ஆளும் இல்லை. தின்பது வேறு, திட்டுவது வேறு என்று வைத்திருந்தார். மாவு அறையில் ரேக்குக்குப் பின்னால் குனிந்து பார்த்துவிட்டு, வாயிலிருந்த கேக்கை முழுங்கி, "எலிப் புழுக்கை" என்றார். "இது ரெண்டாவது தடவைம்மா. அடுத்த தடவை வருவேன். எப்போ வருவேன்னு சொல்ல மாட்டேன். ஒரு புழுக்கை இருந்தாலும் ஷட்டரை இறக்கிச் சீல் வச்சிருவேன். அப்புறம் லைசென்ஸ் திரும்பக் கிடைக்கிறதெல்லாம் கனவுதான்."

பெரியவளுக்கு அந்தப் பேக்கரியை விட்டால் வேறு நாதி இல்லை. பிள்ளை குட்டி இல்லை, படிப்பு இல்லை, மாவு பிசைவதைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது. ஊர் நடுவில் தங்கை சொன்னதும் அதைத்தானே. கடை போனால் அந்த வார்த்தைதான் மிஞ்சும். அன்றைக்கே, பூச்சிமருந்தும் விற்கிற விதைக்கடைக்குப் போனாள்.

விதைக்கடைக்காரர் முதலில் கையை விரித்தார். பிறகு தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கல்லாவுக்கு அடியிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒரு புட்டியை எடுத்தார். "பழைய சரக்கு. நல்ல வீரியம். தின்ன எலிக்கே தெரியாது தாயி. நாலஞ்சு நாள் ஜாலியாத் திரியும், அப்புறம் ஒரு மூலையில போய்ச் சுருண்டுரும். எதைத் தின்னு செத்தோம்னு மத்த எலிக்கும் தெரியாது. அதனால மிச்சமும் வந்து தின்னும். அதுதான் இதோட அழகு." அழகாம்.

அந்த விஷத்தைப் பெரியவள் பிஸ்கட்டாகச் செய்தாள். வேறு எப்படிச் செய்யத் தெரியும் அவளுக்கு? எலிக்குத்தானே என்று கல்லு மாதிரி தட்டிப் போட்டிருக்கலாம். மனசு வரவில்லை. வெண்ணெயைத் தாராளமாகப் போட்டாள், சர்க்கரையைப் பொடித்துப் போட்டாள், விஷத்தைக் கண்ணளவில் சாய்த்தாள். கண்ணளவு என்றால் அவள் கை எப்போதும் கொஞ்சம் தாராளம்தான். கடைசியில் கேக்குக்குப் போடுகிற நீலச் சாயத்தைக் கலந்தாள். அது அவள் அப்பாவின் கட்டளை. மாவு அறைக்குள் வைக்கிற விஷம் எதுவானாலும் நீலமாக இருக்க வேண்டும். விற்கிற பண்டம் எதுவும் நீலமாக இருக்கக் கூடாது. வெள்ளை மாவுக்குப் பக்கத்தில் வெள்ளைப் பொடி இருந்தால் என்றைக்காவது ஒரு நாள் கை மாறும் என்று அந்த மனுஷன் பயந்தார். அதனால் அந்தக் கடையில் யார் எவ்வளவு கெஞ்சினாலும் நீலக் கேக் கிடையாது. பிறந்தநாள் பிள்ளை தரையில் புரண்டு அழுதாலும் கிடையாது. "பச்சை போட்டுத் தர்றேன், மஞ்சள் போட்டுத் தர்றேன். நீலம் இந்தக் கடையில இல்லை" என்று அப்பா சொன்னதையே பெரியவளும் சொல்லிக்கொண்டிருந்தாள். தடையை மீறினாள், அப்பா பேச்சை மீறவில்லை. அதிலேதான் மாட்டிக்கொண்டாள்.

பிஸ்கட்டை ரேக்குகளுக்கு அடியிலும் மூட்டை இடுக்கிலும் வைத்தாள். எலிகள் வந்தன, தின்றன, குறைந்தன. கூரையில் ஓட்டமும் சண்டையும் நின்றது. பெரியவள் தரையைத் தேய்த்துக் கழுவி, ஒரு புழுக்கையும் இல்லாமல் பெருக்கி, இன்ஸ்பெக்டர் வரட்டும் என்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

இன்ஸ்பெக்டர் வருவதற்கு முன்னால் ஆண் ஆந்தை கொல்லையில் விழுந்தது.

சின்னவள்தான் பார்த்தாள். பொந்துக்கு ஏணி போட்டு ஏறி, பெட்டை ஆந்தையையும் இறக்கினாள். அது இறக்கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, தலையைத் தூக்க முடியாமல் இருந்தது. பொந்துக்குக் கீழே ஆந்தை கக்கிப் போடுகிற உருண்டைகள் கிடந்தன. எலியின் எலும்பும் மயிரும் சேர்ந்த உருண்டைகள். சின்னவள் ஒன்றை எடுத்துப் பிட்டுப் பார்த்தாள். உள்ளே நீலம்.

அந்த நீலம் என்னவென்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவளும் அந்த அப்பனுக்குப் பிறந்தவள்தான். உருண்டையைக் கையில் பொத்திக்கொண்டு பேக்கரிக்குள் நுழைந்தவள், படியில் ஏறாமல் நேராக மாவு அறைப் பக்கம் திரும்பினாள். வருஷக் கணக்காகப் பேசாமல் சேர்த்து வைத்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டிவிடுகிற வேகத்தில்தான் வந்தாள். மாவு அறை வாசலில் கால் நின்றுவிட்டது. உள்ளே இன்ஸ்பெக்டர் குனிந்துகொண்டிருந்தார்.

அவர் நிமிர்ந்தபோது கையில் ஒரு பிஸ்கட் இருந்தது. முழுசு. எலி தொடாதது. தரை கழுவியபோது மிச்சத்தையெல்லாம் பொறுக்கி எடுத்த பெரியவள் அந்த ஒன்றை மட்டும் எப்படியோ விட்டிருந்தாள்.

"என்னம்மா இது, நீலக் கலர்ல?"

பெரியவள் மாவுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற காரியம், அதுவும் ஒரே வாயில். "பிறந்தநாள் ஆர்டர் சார்" என்றாள். "இந்தக் காலத்துப் பிள்ளைங்க நீலம்தான் கேக்குதுங்க. உருண்டு அடியில போயிருக்கும்."

"தரையில புழுக்கை இல்லை. பரவாயில்லை, தேறிட்டீங்க" என்று சொன்ன இன்ஸ்பெக்டர் பிஸ்கட்டை மூக்கருகில் கொண்டுபோனார். பெரியவளின் வெண்ணெய் மணத்தது. ருசி என்று பெயர் வாங்கிய மனுஷன் என்ன செய்வார்? விளிம்பில் ஒட்டியிருந்த தூசியைச் சட்டையில் துடைத்தார். வாயைத் திறந்தார்.

"சார்..." என்று வாசலில் நின்ற சின்னவள் ஓரடி எடுத்து வைத்தாள்.

அதற்குள் பெரியவள் பாய்ந்து அவர் கையிலிருந்து பிஸ்கட்டைப் பிடுங்கிவிட்டாள். பிடுங்கியதோடு நின்றிருந்தால் ஏன் என்று கேட்பார். தரையில் போட்டிருந்தால் ஏன் என்று கேட்பார். யோசிக்க நேரமில்லை. தன் வாயில் போட்டுக்கொண்டாள். "தரையில கிடந்ததைப் போய் நீங்க சாப்பிடுறதா சார், என் கடைக்கு என்ன மரியாதை?" என்று மென்றுகொண்டே சொன்னாள். வாசலில் நின்ற தங்கையை நேருக்கு நேர் பார்த்தபடியே மென்றாள். விழுங்கினாள்.

சின்னவளின் விரல்கள் இறுகின. கையில் பொத்திய உருண்டை பொடிந்தது.

இன்ஸ்பெக்டர் சிரித்தார். "ஒரு பிஸ்கட்டுக்கு இப்படியா? நல்ல அம்மா!" கடை தேறிவிட்டது என்று சொல்லிவிட்டு, கண்ணாடிப் பெட்டியிலிருந்து வேறு இரண்டு பிஸ்கட் எடுத்துக்கொண்டு போனார்.

அவர் தலை மறைந்ததும் சின்னவள் அக்காவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "துப்பு! வாந்தி எடு! ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு!"

"கையை எடுடி."

"நீ என்ன தின்னேன்னு தெரியுமா?"

"நான் செஞ்சது எனக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரிக்குப் போய் என்னன்னு சொல்லச் சொல்றே? எலி விஷம் தின்னேன், கடையில வச்சிருந்தேன்னா? சீல் வச்சிருவாங்க. அதுதானே உனக்கு வேணும்?"

"கடை இருக்கும். கடைக்காரி இருக்க மாட்டா."

"இல்லாட்டி உனக்கு நல்லதுதான். மேலயும் கீழயும் ஆந்தை வளர்த்துக்கோ."

சின்னவள் கையை எடுத்தாள். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை, அருவருப்பு இருந்தது. "அத்தனை ஆந்தையை அறுத்துப் பார்த்திருக்கேன்" என்றாள். "எதுக்கும் இவ்வளவு திமிர் இருந்ததில்லை." படியேறிப் போய்விட்டாள். அப்புறமும் மாமாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, எப்படியாவது அழைத்துப்போகச் சொன்னாள். அவர் வந்து மனைவியின் முன்னால் நின்றார். பெரியவள் பார்த்த பார்வையில் திரும்பி அடுப்பண்டை போய்விட்டார்.

பெரியவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாளும் ஆகவில்லை. வழக்கம்போல மாவு பிசைந்தாள், வாடிக்கையாளர்களிடம் சிரித்துப் பேசினாள், படியில் தங்கை இறங்கும்போதெல்லாம் வேண்டுமென்றே குரலை உயர்த்திப் பாடினாள். "பார்த்தீங்களா, படிச்சவ பேச்சை? குத்துக்கல்லாட்டம் இருக்கேன்" என்று கணவரிடம் பெருமையடித்தாள். விதைக்கடைக்காரர் சொன்னது அவளுக்கு ஞாபகம் வரவில்லை. தின்ற எலிக்கே தெரியாது, நாலைந்து நாள் ஜாலியாகத் திரியும் என்று அந்த ஆள் சொன்னாரே, அதை நினைத்துப் பார்க்க வேண்டியவள் அவள்தான். அவளோ பாடிக்கொண்டிருந்தாள்.

ஒரு காலையில் பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வந்தது. கொப்பளித்துத் துப்பினாள். கையில் எங்கும் இடித்துக்கொள்ளாமலே ஊதா ஊதாவாகக் கன்றியிருந்தது. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டாள். பிறகு ரொட்டி அறுக்கும்போது கத்தி விரலில் பட்டது. வருஷத்தில் பத்து தடவை படுகிற கத்திதான். வாயில் வைத்து ஒரு உறிஞ்சு உறிஞ்சினால் நிற்கிற காயம்தான். நிற்கவில்லை. துணியைச் சுற்றினாள், நனைந்தது. இன்னொன்று சுற்றினாள், அதுவும் நனைந்தது. பிசைந்து வைத்த மாவின்மேல் சொட்டுச் சொட்டாக விழுந்தது. வெள்ளை மாவில் சிவப்பைப் பார்த்ததும்தான் பெரியவளுக்கு உண்மையிலேயே பயம் வந்தது. வயிற்றுக்குள் எங்கெல்லாம் இப்படிச் சொட்டிக்கொண்டிருக்கிறதோ என்று நினைத்தாள்.

கையைத் துண்டில் சுருட்டிக்கொண்டு படியேறினாள். அப்பா போன பிறகு அந்தப் படியில் அவள் கால் வைத்ததே இல்லை.

சின்னவள் ஒரு அட்டைப்பெட்டி முன்னால் குந்தியிருந்தாள். பெட்டிக்குள் பெட்டை ஆந்தை. பக்கத்தில் ஊசியும் சின்னச் சின்ன மருந்துக் குப்பிகளும். சத்தம் கேட்டு ஆந்தை தலையைத் திருப்பியது. கொஞ்சம் தேறியிருந்தது, பெரியவளைப் பார்த்து அலகைத் தட்டிச் சீறியது. அக்காளும் ஆந்தையும் ஒருவரை ஒருவர் முழித்துப் பார்த்துக்கொண்டார்கள்.

"நிக்கலைடி" என்றாள் பெரியவள்.

சின்னவள் துண்டைப் பார்த்தாள். எழுந்தாள், குப்பிகளை அப்படியே பையில் அள்ளிப் போட்டுக்கொண்டாள், அக்காவை இழுத்துக்கொண்டு இறங்கினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். பெரியவள் தங்கையைப் பார்த்தாள். தங்கை சுவரைப் பார்த்தாள். "நீயே சொல்லு" என்றாள். "எலி பிஸ்கட்டைத் தெரியாம வாயில போட்டுட்டேன்" என்று பெரியவள் முனகினாள். டாக்டர் அதற்கு மேல் எதையும் கிளறவில்லை. ரத்தத்தைச் சோதித்துவிட்டு முகம் மாறினார். உடனே வைட்டமின் ஊசி போட வேண்டும், இருந்த சரக்கு தீர்ந்துபோனது, பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வரச் சாயங்காலம் ஆகும், அதுவரை தாங்குமா என்று சொல்ல முடியாது என்றார்.

சின்னவள் பையைத் திறந்து குப்பிகளை மேசையில் வைத்தாள். டாக்டர் எடுத்துப் பெயரைப் படித்தார். "இதேதான்! உங்ககிட்ட எப்படி?"

"என்கிட்ட ஒரு நோயாளி இருக்கு. அதுக்காக வச்சிருந்தேன்."

"மொத்தமும் வேணுமே."

"எடுத்துக்கோங்க."

படுக்கையில் படுத்தபடி பெரியவள் கேட்டாள்: "மனுஷனுக்கும் ஆந்தைக்கும் ஒரே மருந்தா?"

"ஒரே விஷம்தானே" என்றாள் சின்னவள்.

மருந்து ஏற ஏறச் சொட்டு நின்றது. சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குச் சரக்கு வந்ததும் சின்னவள் இரண்டு குப்பி கேட்டு வாங்கிக்கொண்டு ஓடினாள். பெரியவள் அன்றைக்கு முதல்முறையாக, அந்த வெள்ளை மூஞ்சிச் சனியன் பிழைத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தாள். ஆந்தைமேல் இரக்கப்பட்டு அல்ல. அது செத்தால் அந்தக் கடனை எப்படித் தீர்ப்பது என்ற பயத்தில் நினைத்தாள்.

சின்னவள் திரும்பி வந்தபோது முகத்திலேயே தெரிந்தது. கட்டில் விளிம்பில் உட்காரவில்லை, கால்மாட்டில் நின்றாள்.

"மத்தியானம் போட வேண்டிய ஊசி. போடலை. போயிருச்சு" என்றாள். "முதல்ல விஷத்தை வச்சுக் கொன்னே. அப்புறம் அதோட மருந்தைப் பிடுங்கிக்கிட்டுக் கொன்னே. ஒரு உசுரை ரெண்டு தடவை கொல்ல உன்னாலதான் முடியும்."

"நானா கேட்டேன்? நீதானே எடுத்துக் குடுத்தே!"

"ஆமா. நான்தான் குடுத்தேன். அதை நினைச்சுத்தான் எனக்கு ஆத்திரம்." கண்ணைத் துடைத்துக்கொள்ளாமலே போய்விட்டாள்.

பெரியவள் வீடு திரும்பினாள். தினமும் விழுங்க மாத்திரை கொடுத்திருந்தார்கள். கடை நடந்தது. இன்ஸ்பெக்டர் தேறியது என்று சொன்ன கடை. சின்னவள் நகராட்சிக்குப் போய்ச் சொல்லிவிடுவாள் என்று பெரியவள் காத்திருந்தாள். ஒவ்வொரு நாளும் ஷட்டரைத் தூக்கும்போது, இன்றைக்கு வருவார்கள் என்று நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டாள். பதிலுக்குச் சொல்ல வசவுகளைக்கூட வரிசையாகத் தயார் பண்ணி வைத்திருந்தாள். யாரும் வரவில்லை. சின்னவள் வாயைத் திறக்கவில்லை. படியில் இறங்குவாள், ஏறுவாள், அக்காவை ஒரு மூட்டையைத் தாண்டுவது போலத் தாண்டிப் போவாள்.

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பாள். காட்டிக்கொடுத்திருந்தால் ஆயுசுக்கும் சபித்திருப்பாள். இந்த மௌனத்தை என்ன செய்வது? கடை தங்கை போட்ட பிச்சையில் நடக்கிறது என்ற நினைப்பு மாத்திரையைவிடக் கசந்தது. நம் உயிரும் அவள் கொடுத்தது, கடையும் அவள் கொடுத்தது என்றால் நமக்கென்று என்னதான் மிச்சம்? ரொட்டி அறுக்கும்போதும் இதே எண்ணம், கல்லாவில் உட்கார்ந்தாலும் இதே எண்ணம். இதற்கிடையில் கூரையில் மறுபடியும் ஓட்டம் கேட்கத் தொடங்கியது. புது எலிகள். சாக்கடையில் எலிக்கா பஞ்சம்? அவற்றைப் பிடிக்கப் பொந்தில்தான் யாரும் இல்லை. பெரியவள் கொல்லைக்குப் போய், துருப்பிடித்த கம்பி வலையைத் தேடி எடுத்து, கணவரைக் கூப்பிடாமல் தானே சாக்கடை வாயில் அடித்தாள்.

அப்படி இருக்கும்போதுதான் இன்ஸ்பெக்டர் வந்தார். சோதனைக்கு இல்லை, சும்மா, வாய் நமநமத்ததால் வந்தார். கண்ணாடிப் பெட்டியை மேலும் கீழும் பார்த்தார்.

"அந்த நீல பிஸ்கட் எங்கேம்மா? அன்னைக்கு எனக்குத் தராம நீங்களே தின்னுட்டீங்களே. அந்த வாசனை இன்னும் மூக்கை விட்டுப் போகலை. என் பேரனுக்கும் ரெண்டு வேணும்."

பெரியவள் அவரைப் பார்த்தாள். படியில் செருப்புச் சத்தம் கேட்டது. சின்னவள் இறங்கிக்கொண்டிருந்தாள், கையில் காலியான அட்டைப்பெட்டி, குப்பையில் போடக் கொண்டுவந்திருந்தாள். இன்ஸ்பெக்டர் கேட்டது அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். பாதிப் படியில் நின்றாள். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். இப்போதும் சொல்ல மாட்டாள். இன்னும் ஒரு பொய்க்கு இடம் விட்டு, பெரிய மனசு பண்ணி நிற்கிறாள்.

அந்தப் பெரிய மனசைத்தான் பெரியவளால் தாங்க முடியவில்லை.

"நீலத்துல திங்குற பண்டம் இந்தக் கடையில கிடையாது சார்" என்றாள். படிக்கட்டுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னாள். "எங்கப்பா காலத்துலேர்ந்து கிடையாது. அது எலி விஷம். தடை போட்ட விஷம். நான்தான் செஞ்சு வச்சேன்."

இன்ஸ்பெக்டர் முதலில் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்தார், சிரிப்பு நின்றது. அன்றைக்குத் தன் உதட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் வந்தது என்று அவருக்கு இப்போதுதான் உறைத்தது. பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்து, "கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றார். தண்ணீரைக் கையில் வாங்கினார், டம்ளரை உற்றுப் பார்த்தார், குடிக்காமல் கீழே வைத்தார்.

"இதுக்கு என்ன நடக்கும்னு தெரியும்லம்மா?"

"தெரியும் சார். நீங்க எழுந்திரிக்க வேணாம்."

அடுப்படியிலிருந்து கணவர் வெளியே வந்து கைகளைத் துடைத்தபடி நின்றார். பெரியவள் எரிகிற அடுப்பை அணைக்கச் சொன்னாள். பிறகு வாசலுக்குப் போய், ஷட்டரின் கொக்கியில் கையை வைத்துக்கொண்டு, படிக்கட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"கேட்டுச்சாடி? உன் தயவு எனக்கு வேணாம். இப்போ சரியாப் போச்சா?"

சின்னவள் பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த ஒரு வெள்ளை இறகைப் பிய்த்துக் கையில் எடுத்தாள். அதைப் பார்த்துக்கொண்டே, "இல்லை" என்று தலையை ஆட்டினாள்.

பெரியவள் ஷட்டரை இறக்கினாள்.